கடல் தாண்டிய கல்யாணம்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

என் அண்ணன் மகன் கல்யாணத்துக்காக ஜப்பானில் நகோயா நகரத்துக்குப் போய் வந்ததைப் போன இதழில் ஒரு பதிலின் நடுவே நாலு வரி எழுதியிருந்தேன். ஓசூரில் வேலை பழகி, அங்கே கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனிக்குப் போனவன், கூட வேலை செய்த பெண்ணையே விரும்பிக் கட்டிக்கொண்டான். அதைப் படித்துவிட்டு நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்தே கட்டுக் கட்டாகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் ஜப்பானைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். இந்த முறை முழுக்க அவற்றுக்கே பதில்.

எங்கள் மகனுக்கு ஐப்பசியில் ஜப்பானில் கல்யாணம். அவன் அனுப்பிய மண்டப வரைபடத்தில் எனக்கும் என் மனைவிக்கும் கதவோரமாகக் கடைசி மேஜை போட்டிருக்கிறது. முன் மேஜையில் அவனுடைய மேலாளர் உட்காருகிறாராம். "பெற்றவர்களைக் கடைசியில் தள்ளும் கல்யாணத்துக்கு நான் எதற்கு?" என்கிறாள் மனைவி. என்ன சொல்லித் தேற்றுவது?
(ஒரு தகப்பனார், பாலக்கோடு)

ஐயா, என் அண்ணியும் அந்த மண்டபத்துக்குள் நுழைந்ததும் இதையேதான் என் காதோடு கேட்டாள். மணமக்களுக்குப் பக்கத்து மேஜைகளில் அலுவலக மேலாளர்கள், படிப்புச் சொல்லிக் கொடுத்தவர்கள். அடுத்து நண்பர்கள். அதற்கும் பின்னால் சித்தப்பா, மாமா, அத்தை என்று சொந்தங்கள். எல்லோருக்கும் பின்னால், கதவை ஒட்டி, பெற்றவர்கள். பெண் வீட்டாருக்கும் அதே கதவோரம்தான், இந்தப் பக்கத்துக்குப் பதில் அந்தப் பக்கம். இதில் மாப்பிள்ளை வீடு உசத்தி, பெண் வீடு தாழ்த்தி என்று எதுவும் கிடையாது.

அங்கே அந்த விருந்துக்கு அழைப்பவர்கள் இரண்டு வீட்டுப் பெற்றோர். வந்தவர்கள் விருந்தாளிகள். நல்ல இடம் விருந்தாளிக்கு, கதவோரம் வீட்டுக்காரருக்கு. நம் வீட்டுக் கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். மணமகனின் அப்பா முதல் பந்தியில் உட்கார்ந்து நீங்கள் பார்த்ததுண்டா? வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டு, "சாப்பிட்டீங்களா, சாப்பிட்டுத்தான் போகணும்" என்று பந்திக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து, கடைசிப் பந்தியில் பாயசம் தீர்ந்த பிறகு ரசம் சோற்றோடு எழுந்து போகிறவர் அவர்தானே? அந்த மனசுதான் அங்கே மேஜை வரிசையாக இருக்கிறது. இதை அப்படியே உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லுங்கள்.

ஆனால் அவருடைய வருத்தத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது. நம் கல்யாணத்தில் பந்தியில் கடைசியாக உட்கார்ந்தாலும் மணமேடையில் பெற்றவர்களுக்கு வேலை உண்டு. பாதபூஜை, தாரை வார்ப்பது, தாலியைத் தொட்டுக் கொடுப்பது என்று பிள்ளைக்குப் பக்கத்திலேயே இருப்போம். அங்கே விருந்து நடக்கும் இரண்டு, இரண்டரை மணி நேரமும் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். பெற்றவர்களுக்கான நேரம் கடைசியில் வரும். அதற்காகவாவது அவர் வர வேண்டும்.

அது எப்படியிருக்கும் என்று சொல்கிறேன். விருந்து முடியும் நேரத்தில் விளக்கைக் குறைத்தார்கள். பெண் தன் அப்பா அம்மாவுக்கு எழுதிய கடிதத்தை எல்லோர் முன்னிலும் வாசித்தாள். இரண்டு வீட்டுப் பெற்றோரும் கதவோரம் வரிசையாக நின்றார்கள். பிறகு மணமக்கள் நடந்து வந்து ஆளுக்கொரு சிறிய அரிசி மூட்டையைத் தங்கள் தங்கள் அம்மா கையில் கொடுத்தார்கள். பிள்ளை பிறந்தபோது இருந்த எடை எவ்வளவோ அதே எடைக்கு அரிசி கட்டிக் கொடுக்கும் வழக்கம் அங்கே இப்போது நிறைய இருக்கிறது. சிலர் அரிசிக்குப் பதில் அந்த எடையில் கரடி பொம்மை செய்து கொடுப்பார்கள். எங்கள் பையன் கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனையில் பிறந்தபோது 2 கிலோ 800 கிராம். மூட்டையின் மேல் அந்த எண்ணும் பிறந்த தேதியும் அச்சடித்திருந்தது. அண்ணி அதை இடது முழங்கை மடிப்பில் வாங்கினாள், தலை சரியாமல் பச்சைக் குழந்தையை ஏந்துவது போல. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண்ணின் அம்மாவும் அப்படியே வாங்கினார். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாத இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம் இரண்டு பேருமே அழுதார்கள். அந்த அரிசியை அண்ணி இன்னும் சமைக்கவில்லை.

உங்களுக்கு ஒரு வேலையும் இருக்கிறது. கடைசியில் இரண்டு குடும்பத்தின் சார்பிலும் நன்றி சொல்லிப் பேசுவது வழக்கமாக மாப்பிள்ளையின் அப்பா. இரண்டு நிமிடத்துக்குத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மகனிடம் சொன்னால் பக்கத்தில் நின்று ஜப்பானிய மொழியில் சொல்ல ஆள் வைப்பான். விருந்துக்கு முன்னால் இரு வீட்டுச் சொந்தங்களையும் ஒரு அறையில் எதிரெதிரே வைத்து அறிமுகம் செய்வார்கள். அதிலும் உங்கள் பக்கத்து ஆட்களை ஒவ்வொருவராக, பெயரும் உறவும் சொல்லி, நீங்கள்தான் அறிமுகம் செய்ய வேண்டியிருக்கும். தாய்மாமனை முதலில் சொல்லுங்கள், நம் ஊர் முறை விட்டுப்போக வேண்டாம்.

அங்கே மொய் எவ்வளவு வைக்க வேண்டும்? 1,001, 5,001 என்று வைக்கலாமா?
(ஒரு வாசகி, கிருஷ்ணகிரி)

ஒற்றைப்படை பார்க்கும் பழக்கம் அவர்களிடமும் இருக்கிறது. தொகையின் முதல் எண் இரண்டாகப் பிரிக்க முடியாததாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. நண்பர் என்றால் 30,000 யென், அதாவது 10,000 யென் தாள் மூன்று. நம் பணத்தில் 17,000 ரூபாயை ஒட்டி வரும், யென் விலை ஏறி இறங்கும். கணவன் மனைவியாகப் போனால் 50,000. அத்தை, மாமா, சித்தப்பா போன்ற நெருங்கிய சொந்தம் 50,000 முதல் 1,00,000 வரை வைப்பார்கள். நான்கும் ஒன்பதும் ஆகாது, நான்கு சாவையும் ஒன்பது துன்பத்தையும் ஒத்து ஒலிக்கும் எண்கள். ஊரிலிருந்து விமானச் செலவு செய்து போகிறவர்கள் இவ்வளவு வைக்கத்தான் வேண்டுமா என்று பிள்ளைகளிடமே கேட்டுவிடுங்கள். பல மணமக்கள் வேண்டாம் என்றே சொல்லிவிடுகிறார்கள்.

தாள் புதிதாக, மடிப்பில்லாமல் இருக்க வேண்டும். பழைய தாளை வைத்தால் அக்கறையில்லாமல் கொடுத்ததாக ஆகும். உறையைப் பற்றி நான் அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன், அவ்வளவு அழகு. கெட்டியான வெள்ளைத் தாளில் மடித்த உறை, மேலே சிவப்பும் வெள்ளையுமாகவோ பொன்னும் வெள்ளியுமாகவோ பத்து இழைக் கயிறு. அந்த முடிச்சை இழுத்தால் இன்னும் இறுகுமே தவிர அவிழாது. பிள்ளை பிறந்ததற்குக் கொடுக்கும் உறையில் சுருக்கு முடிச்சு இருக்கும், அது திரும்பத் திரும்ப வரட்டும் என்று. கல்யாணம் ஒரு முறைதான், அதனால் அவிழாத முடிச்சு. கடையில் வாங்கும்போது இதைச் சொல்லிக் கேளுங்கள். பெயரை நல்ல கறுப்பு மையில் எழுத வேண்டும், வெளிறிய மை துக்க வீட்டுக்கு. உறையைத் துணியில் சுற்றி எடுத்துப் போய், வரவேற்பு மேஜையில் துணியைப் பிரித்து, இரண்டு கையாலும் கொடுத்து, அங்கிருக்கும் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும். மைக்கில் யாரும் வாசிக்க மாட்டார்கள்.

திரும்பும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு பை தருகிறார்கள். நம் தாம்பூலப் பை மாதிரிதான், ஆனால் உள்ளே மரத்தின் வளையங்களைப் போல அடுக்கடுக்கான கேக், பீங்கான் கிண்ணம் என்று நல்ல விலையுள்ள பொருள்கள். கல்யாணத்துக்கு வர முடியாமல் பணம் அனுப்பியவருக்கும், வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மதிப்புள்ள பொருளை ஒரு மாதத்துக்குள் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கணக்கு அதோடு பெரும்பாலும் நேராகிவிடுகிறது.

நம் மொய் அப்படியில்லை. எங்கள் வீட்டுப் பரண் மேல் அப்பா காலத்து மொய் நோட்டு இருக்கிறது. மளிகைக் கடைக்காரர் 5 ரூபாய், வண்ணார் வீட்டிலிருந்து 2 ரூபாய், பெயர் மறந்து "பன்னிகுளம் பெரியம்மா" என்று மட்டும் எழுதி 11 ரூபாய். அந்தந்த வீட்டுக் கல்யாணத்துக்கு அப்பா அந்த நோட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். நாற்பது வருடம் கழித்தும் அந்த வீட்டுக்கும் நமக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல் மிச்சம் இருக்கிறது. அவர்கள் முறை நேர்த்தியானது, யாரையும் கடன்படுத்தாது. எனக்கு நம்முடையதுதான் பிடித்திருக்கிறது.

ஜப்பானில் இருக்கும் என் சிநேகிதன் கல்யாணத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. அதே ஊரில் வேலை செய்யும் என் அறைத் தோழர்கள் இரண்டு பேரைக் கூட்டிப் போகலாமா?
(ஒரு வாசகர், பர்கூர்)

கூடாது தம்பி. அழைப்போடு ஒரு பதில் அட்டை வந்திருக்கும், அதில் வருகிறேன் என்று எழுதி அனுப்பியவருக்கு மட்டும்தான் நாற்காலி. மேஜை மேல் பெயர் அட்டையே இருக்கும். பெரும்பாலான விருந்துகளில் மொத்தமே ஐம்பது அறுபது பேர்தான். "சுற்றமும் நட்பும் சூழ" என்று பத்திரிகை அடித்து, வந்தவரை எல்லாம் பந்தியில் உட்கார வைக்கும் ஊரிலிருந்து போகிறோம், இது மனசுக்கு ஒட்டாது. ஆனால் கூடுதலாக வந்து நிற்கும் இரண்டு பேரைப் பார்த்து அந்த வீட்டார் தவித்துப் போவார்கள்.

பெண்ணுக்கு வெள்ளை உடுத்துகிறார்களாம், பெண்ணின் அம்மா கறுப்பில் வருவாராம். படம் பார்த்ததிலிருந்து என் பாட்டி சாப்பிடாமல் இருக்கிறார். நாங்கள் என்ன நிறத்தில் புடவை கட்டுவது?
(ஒரு வாசகி, போச்சம்பள்ளி)

பாட்டியிடம் நம் ஊர்ச் சர்ச்சில் நடக்கும் கல்யாணத்தை நினைவுபடுத்துங்கள். அங்கேயும் பெண் வெள்ளைச் சேலையில்தானே வருகிறாள்? அவர் எத்தனை முறை போய் வாழ்த்திவிட்டு வந்திருப்பார்!

ஜப்பானியக் கோயிலில் சடங்கு செய்யும் பெண் தலை முதல் கால் வரை வெள்ளைப் பட்டில் இருப்பாள். புகுந்த வீட்டின் எந்த நிறத்தையும் ஏற்றுக்கொள்ளும் தூய்மை என்று அதற்கு விளக்கம் சொல்கிறார்கள். விருந்தின் நடுவில் எழுந்து போய் சிவப்பும் பொன்னுமாகப் பூப்போட்ட உடைக்கு மாறி வருவாள். முகூர்த்தப் புடவையை மாற்றிக்கொண்டு வரவேற்புப் புடவையில் வருகிறோமே, அதே போல. பாட்டிக்கு அந்த இரண்டாவது படத்தையும் காட்டுங்கள்.

கறுப்பு விஷயம்தான் நமக்குக் கஷ்டம். அங்கே மணமக்களின் அம்மாக்களுக்கு உரிய மிக உயர்ந்த உடையே கறுப்புக் கிமோனோதான். மேலே ஐந்து இடத்தில் குடும்பச் சின்னம், கீழ் ஓரத்தில் மட்டும் கொக்கு, பைன் மரம், பூ என்று வேலைப்பாடு. ஆண்களும் கறுப்புக் கோட்டு, ஆனால் வெள்ளை டை. கறுப்பு டை கட்டினால் துக்கம். நீங்கள் கறுப்பு உடுத்த வேண்டியதில்லை. பட்டுப் புடவையில் எந்த நிறமும் சரி, வெள்ளையும் சந்தன நிறமும் மட்டும் வேண்டாம், அது மணப்பெண்ணுக்குரியது. சம்பந்தியம்மாள் என் அண்ணியின் அரக்குப் பட்டின் ஜரிகையை விரலால் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டுத் தொட்டுப் பார்த்தார், அவ்வளவு ஆசை. கூடவே நல்ல காலுறை எடுத்துப் போங்கள். பாய் விரித்த அறைகளில் செருப்பைக் கழற்றியாக வேண்டும், ஆனால் அடுத்தவர் வீட்டில் வெறுங்காலோடு நடப்பது அவர்களுக்குப் பழக்கமில்லை. மெட்டியைக் கழற்ற வேண்டாம், கொஞ்சம் தளர்ந்த காலுறையாக எடுங்கள்.

மகளுக்கு ஜப்பான்காரப் பையன், நகோயாவில்தான் வீடு. சீர் செய்யாமல் அனுப்பினால் ஊர் பேசும். அங்கே சீர் வழக்கம் உண்டா?
(ஒரு தாய், பென்னாகரம்)

உண்டு அம்மா. அதுவும் நீங்கள் சொல்லும் அதே நகோயாதான் ஜப்பானிலேயே ஆடம்பரக் கல்யாணத்துக்குப் பேர் போனது. சென்ற தலைமுறை வரைக்கும் பெண்ணுக்கு அலமாரி, மெத்தை, பாத்திரம் என்று எல்லாம் வாங்கி, சிவப்பு வெள்ளைத் திரை கட்டிய லாரியில் ஏற்றி, ஊர் பார்க்க அனுப்புவார்கள். அந்த லாரி பின்னால் போகக் கூடாது, போனால் பெண் திரும்பி வந்துவிடுவாள் என்று பயம். சந்தில் எதிரே வண்டி வந்தால் அந்த வண்டிக்காரருக்கு அன்பளிப்பு கொடுத்து அவரைப் பின்னால் எடுக்கச் சொல்வார்களாம். பெண் வீட்டு மாடியிலிருந்து தெருவில் கூடியவர்களுக்கு மிட்டாய், பிஸ்கட் வீசுவார்கள். மூன்று பெண் பெற்றால் வீடு கவிழும் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. எங்கள் மருமகளின் பெரியப்பா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னபோது எனக்கு நம் "ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி" நினைவுக்கு வந்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. அந்தப் பழமொழியை நம்பி நம் மாவட்டம் எத்தனை பெண் பிள்ளைகளை இழந்தது என்று எனக்குத் தெரியும். வேண்டாத பெண் குழந்தையை அரசிடம் ஒப்படைக்கச் சொல்லி 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் தர்மபுரிக்கும் கொண்டுவர வேண்டி வந்தது. கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, நாங்களும் அதற்குள்தான்.

அந்த லாரி ஊர்வலம் இப்போது அங்கே ஏறக்குறைய நின்றே போய்விட்டது. மிட்டாய் வீசுவது, வந்தவர்களுக்கு ஒரு பொட்டலம் கொடுப்பதாகச் சுருங்கிவிட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்கள் பழைய முறைப்படி நிச்சயத்தின்போது பணம் கொடுப்பது மாப்பிள்ளை வீடு, பெண் வீட்டுக்கு. நம் பாட்டிமார் காலத்தில் பரிசப் பணம் கொடுத்ததும் மாப்பிள்ளை வீடுதானே? அது எப்போது திசை மாறி வரதட்சணை ஆனது என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நம் நாட்டில் 1961-லிருந்து அது சட்டப்படி குற்றம், ஆனால் நம் ஊரில் இன்னும் சீர் லாரி போய்க்கொண்டுதான் இருக்கிறது.

மகளுக்கு உங்கள் ஆசைக்கு ஒரு ஜோடி வளையலோ, நீங்கள் உடுத்திய பட்டோ கொடுங்கள். அந்தப் பையன் வீட்டில் எதிர்பார்க்கவே மாட்டார்கள். ஊர் பேசட்டும்.

மாம்பழ சீசனில் கல்யாணம். ஒரு பெட்டி பழம், கறிவேப்பிலை, வெற்றிலை, மல்லிகைச் சரம், அட்சதைக்கு அரிசி எல்லாம் எடுத்துப் போகலாமா? அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரையும் உண்டு.
(ஒரு வாசகர், ஊத்தங்கரை)

நீங்கள் எழுதியதில் மாத்திரை மட்டும்தான் போகும்! பச்சையான பழம், இலை, பூ, அரிசி எதையும் தாவர நோய்ச் சான்று இல்லாமல் ஜப்பானுக்குள் விட மாட்டார்கள். பழ ஈ உள்ளே வந்துவிடும் என்று நம் மாம்பழத்தையே வெகு காலம் தடை செய்திருந்தார்கள். 2006-ல்தான் தடை நீங்கியது, அதுவும் நீராவி வெப்பத்தில் பதப்படுத்தி, சோதனை முடித்து, வியாபாரமாக அனுப்பும் சில ரகங்களுக்கு மட்டும். நம் கையில் கொண்டுபோகும் பெட்டிக்கு அல்ல. ஊரெல்லாம் மாந்தோப்பு வைத்துக்கொண்டு சம்பந்திக்கு ஒரு பழம் கொடுக்க முடியவில்லையே என்று அண்ணன் ரொம்ப வருத்தப்பட்டார். நம் பக்கத்துக் கூழ்த் தொழிற்சாலையில் அடைத்த மாம்பழக் கூழ் டின் எடுத்துப் போங்கள். சீல் வைத்த டின்னுக்கு இந்தத் தடை கிடையாது. கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போடுங்கள். சம்பந்தி வீட்டில் அதைத் தயிரில் கலந்து சாப்பிட்டுவிட்டு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மஞ்சள் தூள், குங்குமம், நிப்பட்டு, முறுக்கு தாராளமாகப் போகும். அரிசி அங்கேயே வாங்குங்கள், குட்டையாக உருண்டையாக இருக்கும், மஞ்சள் நன்றாகவே பிடிக்கும். அட்சதையைக் கோயிலில் தூவ வேண்டாம், நாங்கள் தங்கிய அறையில் பிள்ளைகளை உட்கார வைத்து வாழ்த்தினோம்.

மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை ஒரு மாதத்துக்கு வேண்டிய அளவு வரைக்கும் தனி அனுமதி இல்லாமல் எடுத்துப் போகலாம், சீட்டும் கூடவே இருக்கட்டும். அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து, சூடோஎபெட்ரின் கலந்த சளி மாத்திரை இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அங்கே குறிப்பிட்ட அளவுக்கு மேல் தடை. நகை நிறையப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் பெங்களூரு விமான நிலையத்தில் கிளம்பும்போதே சுங்கத்துறையிடம் காட்டிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்பும்போது "இது எங்கே வாங்கியது" என்ற கேள்வி இருக்காது.

சடங்கில் மது குடிக்க வேண்டுமாமே? என் தம்பி தொட்டதே இல்லை.
(ஒரு வாசகர், தேன்கனிக்கோட்டை)

சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று கிண்ணம், ஒவ்வொன்றிலும் மூன்று முறை உதட்டுக்குக் கொண்டுபோவார்கள். மொத்தம் ஒன்பது. உதட்டில் தொட்டுவிட்டு இறக்கினால் போதும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இந்தக் கோயில் கல்யாணமே ஆதி காலத்திலிருந்து எல்லோரும் செய்ததல்ல. 1900-ல் அன்றைய பட்டத்து இளவரசருக்கு இந்த முறையில் கல்யாணம் நடந்த பிறகுதான் பொது மக்களிடம் பரவியது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பட்டினி கிடக்க வேண்டுமா?
(ஒரு வாசகி, காரிமங்கலம்)

பதில் அட்டையிலேயே எழுதிவிட்டால் தனியாகச் சமைத்துத் தருவார்கள். மீன், கறி வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. அவர்களுடைய சூப், குழம்பு பெரும்பாலானவற்றுக்கு அடிப்படையே காய்ந்த மீன் துருவல் போட்டு இறக்கிய சாறுதான். "அந்தச் சாறும் வேண்டாம்" என்று பிள்ளையை விட்டுத் தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள்.

மகன் ஜப்பானில் பதிவு செய்துவிட்டான். ஊரில் தாலி கட்டும் கல்யாணம் தை மாதம். ஏற்கெனவே கல்யாணம் ஆனவனுக்கு எதற்கு முகூர்த்தம் என்கிறார் பங்காளி ஒருவர்.
(ஒரு தாய், அரூர்)

ஜப்பானியர்களே அப்படித்தான் செய்கிறார்கள். நகராட்சி அலுவலகத்தில் இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு படிவம் கொடுத்தால் சட்டப்படி கல்யாணம் முடிந்தது. கோயில் சடங்குக்கும் விருந்துக்கும் சட்டத்தில் இடமில்லை. இரண்டும் மாதக் கணக்கில் தள்ளி நடப்பது சாதாரணம். பங்காளியிடம் இதைச் சொல்லிவிட்டு, பந்தக்கால் ஊன்ற அவரையே கூப்பிடுங்கள். நல்ல நாள் பார்ப்பதும் அவர்களிடம் உண்டு, ஆறு நாள் சுற்றி வரும் கணக்கு. அதில் "தாயான்" நல்ல நாள், "புட்சுமெட்சு" ஆகாத நாள். ஆகாத நாளில் மண்டப வாடகையைக் குறைத்துக் கொடுப்பார்கள், நம் ஆடி மாதத் தள்ளுபடியைப் போல. எங்கள் பையன் கல்யாணத்துக்குப் பெண்ணின் பாட்டி தாயான் கேட்டார், அண்ணன் வளர்பிறை கேட்டார். இரண்டும் சேர்ந்த ஒரு ஞாயிறு கிடைத்தது.

பெயர் விஷயத்தை இப்போதே பேசிக்கொள்ளுங்கள். ஜப்பானியர் இருவர் கல்யாணம் செய்தால் இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம், பெரும்பாலும் மாற்றிக்கொள்வது பெண்தான். வெளிநாட்டவரைக் கட்டியவருக்கு அந்தக் கட்டாயமில்லை. விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துக் கணவர் பெயருக்கு மாறலாம். நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது, பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் இருக்கும். எங்கள் மருமகள் மாறியிருந்தால் மாமனார் பெயர்தான் அவளை எல்லோரும் கூப்பிடும் பெயராக ஆகியிருக்கும். அவள் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருக்கட்டும் என்று அண்ணனே சொல்லிவிட்டார்.

ஜப்பான் சம்பந்தி வீட்டார் எட்டுப் பேர் எங்கள் ஊர் வரவேற்புக்கு வருகிறார்கள். எப்படிக் கவனிப்பது?
(ஒரு குடும்பத்தார், தர்மபுரி)

முதலில், மண்டபத்தில் அவர்களுக்கென்று ஒரு மனிதரை ஒப்படையுங்கள். கல்லூரியில் படிக்கும் பெண்ணோ பையனோ போதும். எப்போது எழ வேண்டும், எங்கே உட்கார வேண்டும், எப்போது சாப்பாடு என்று சொல்லிக்கொண்டே இருக்க ஆள் இல்லையென்றால், அவர்கள் கொடுத்த நாற்காலியிலேயே ராத்திரி வரைக்கும் முதுகு சாயாமல் உட்கார்ந்திருப்பார்கள். "ஏழு மணிக்கு வரவேற்பு" என்று பத்திரிகையில் இருந்தால் ஆறே முக்காலுக்கு வந்து நிற்பார்கள். அப்போது மண்டபத்தில் பூக்காரரைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள், அதனால் நீங்கள் முன்னதாகவே போய்விடுங்கள்.

இழுத்துக் கட்டிப்பிடிக்க வேண்டாம், கும்பிட்டாலே அவர்களுக்கு நிறைவு. மேளக்காரரை அவர்கள் மேஜைக்கு எதிரே உட்கார வைக்காதீர்கள். இலையில் காரத்தைக் குறைத்து, ஸ்பூன் வைத்துவிடுங்கள். ஆனால் "கையால் சாப்பிட்டுப் பார்க்கிறோம்" என்று அவர்களே கேட்பார்கள், அப்போது ஒப்புட்டும் நெய்யும் முதலில் வையுங்கள், அது பிசையாமலே வாய்க்குப் போகும். தட்டில் வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவது அவர்கள் வளர்ப்பு. இலை காலியாகக் காலியாக நம் ஆட்கள் மறுபடி மறுபடி போடுவார்கள், அவர்களும் மறுக்கத் தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் இலைக்கு மேல் கையைக் குறுக்கே நீட்ட வேண்டும் என்று பந்தியில் உட்காரும் முன்னாலேயே அந்தப் பிள்ளையை விட்டுச் சொல்லிக்கொடுங்கள்.

அவர்கள் உறை கொடுத்தால் அங்கேயே பிரித்து எண்ண வேண்டாம், இரண்டு கையாலும் வாங்கி உள்ளே கொடுத்துவிடுங்கள். மொய் நோட்டில் மட்டும் மறக்காமல் ஊரோடு சேர்த்து எழுதி வையுங்கள்.